திங்கட்கிழமைத் தாள்

சின்ன வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டபின் வகுப்பில் நின்றது மூன்று பேர்: திலகம் ரீச்சர், பரீதா, நான். இன்று திருகோணமலைத் துறைமுகத்தடி மதிலில் மரண அறிவித்தல் ஒட்டினார்கள். அந்தக் கோதுமைமாப் பசை மணம் என்னை அந்த வகுப்பறைக்கே கொண்டுபோய் நிறுத்தியது.

வகுப்புச் செய்தித் தாளை ரீச்சர் வெள்ளியன்றே அதே பசையால் பள்ளி வாசலில் ஒட்டிவிடுவார். பெற்றோர் திங்கள் காலை வாசிப்பார்கள். நாங்கள் சிரட்டையில் செய்த கப்பல்களைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நண்டு நடந்த மாதிரிக் கிடக்கு உன்ர எழுத்து," என்று பரீதா சிரித்தாள்.

கோபத்தில், திங்களன்று நிரப்பவேண்டிய 'வராதோர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். ரீச்சர் கவனிக்காமல் ஒட்டிவிட்டார்.

திங்கட்கிழமை பரீதா வரவில்லை. கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றார்கள்.

"என்ர பேரை எழுதிப்போடாதையடா," என்று, தாளில் என் நண்டெழுத்தைக் கண்ட வகுப்புப் பெடியள் என்னைவிட்டுத் தள்ளி இருந்தார்கள்.

"காய்ச்சல் எல்லாருக்கும் வாறதுதானே. விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றார் ரீச்சர்.

வெள்ளிவரை பரீதா வரவில்லை. காய்ச்சல் அவளை விட்டு என்னைப் பிடிக்கட்டும் என்று, புதுத் தாளில் அதே இடத்தில் என் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை பரீதா வந்தாள். வாசல்வரை போன நான், தாளில் என் பெயரைக் கண்டு, உள்ளே போனால் காய்ச்சல் திரும்பவும் அவளைப் பிடிக்கும் என்று பயந்து திரும்பிவிட்டேன். பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை.