காஜா பெராங் ஓடையில் கொசுப்புழு எடுப்பவர்

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து குனிந்து வருவதைப் பார்த்ததும், ஜப்பான்காரனின் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத்தான் வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ரப்பர் தோட்டத்திலிருந்து உப்பு வாங்க மலாக்காவுக்கு வந்த நான், சைக்கிளைப் போட்டுவிட்டு காஜா பெராங் சாலையோர ஓடையில் பதுங்கியிருக்கிறேன். பழைய தொந்தி இருந்திருந்தால் இதற்குள் நுழைந்திருக்கவே முடியாது. பஞ்சம் புண்ணியம் கட்டிக்கொண்டது.

அவர் நேரே என் தலைக்கு மேல் வந்து நிற்கிறார். கையில் நீளப் பிடி போட்ட வெள்ளை எனாமல் கரண்டி.

"அண்ணே, ஏறி வாங்க. நீங்க கலக்குன கலக்குல புழுவெல்லாம் அடிக்குப் போயிடுச்சு."

"ஆளு பிடிக்க வரலியா?"

"கொசுப்புழு மட்டுந்தாண்ணே பிடிக்கிறது. மலேரியா ஆபீஸ். நெழல் விழாம தள்ளி நில்லுங்க."

தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, ஓரத்துப் பாசியை ஒட்டிக் கரண்டியைச் சாய்த்து மெல்ல அள்ளுகிறார். புழுக்கள் நெளிகின்றன.

"தண்ணி மேலாக்கப் படுத்தாப்புல கெடக்குதே, இதான் மலேரியாக் கொசு."

எதிர் வீட்டில் யாரோ காய்ச்சலில் முனகுவது இங்கே கேட்கிறது.

"எண்ணெய் ஊத்திக் கொன்னுடுவீங்கதானே?"

"எண்ணெய் பட்டாளத்துக்குப் போயிடுச்சு. ஊத்துற கூட்டாளியைப் போன வாரம் லோரியில ஏத்திட்டாங்க, சயாமுக்கு."

"அப்புறம் எதுக்கு இதை அள்ளிக்கிட்டு?"

"அள்ளலைன்னா, வேலையில்லாதவன்னு என்னையும் ஏத்திடுவாங்கண்ணே."

கரண்டியிலிருந்த புழுக்களை அதே ஓடையில் ஊற்றிவிட்டு, அடுத்த வீட்டுப் பக்கம் போகிறார்.