செலுவாயா உட்காராத பாய்

என் நாத்தனார் செலுவாயா, நெயாஃபு துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பெருங்கடல் நடுவில் இருக்கும் எங்கள் வவாவு தீவுகளுக்கு வரும் பாய்மரப் படகுக்காரர்கள் எல்லோரும் முதலில் அவர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். கடைசியாக எந்தத் துறைமுகம், அடுத்து எந்தத் துறைமுகம் என்று கேட்டு எழுதி முத்திரை குத்துவார். புயல் மாதங்கள் தொடங்கியதும் படகுகளெல்லாம் தெற்கே போய்விடும். அலுவலகம் ஈ ஓட்டும். அந்த நேரம் பார்த்து ஆறு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு பையோடு தனியாகக் கிளம்பிவிடுவார்.

எங்கள் ஊரில் பயணம் போகாத ஆள் கிடையாது. ஆனால் எங்களுக்குப் பயணம் என்றால் ஆக்லாந்தில் இருக்கும் சித்தி வீடு, சிட்னியில் இருக்கும் பெரியப்பா வீடு. சொந்தம் என்று ஒருவர்கூட இல்லாத ஊருக்கு ஒரு பெண் தனியாகப் போவாள் என்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷமே அவருடைய கணவர் காய்ச்சலில் போய்விட்டார்; பிள்ளைகள் இல்லை. அந்தத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். மாதாகோயில் பாடகர் குழுவில் ஒரு பெண்மணி நேராகவே கேட்டார்.

"அங்க நம்மாளு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் போய் யாரைப் பாக்கப் போற?"

"இதுவரைக்கும் பாக்காதவங்கள."

அந்த முதல் பயணத்தின்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. எங்கே போவதானாலும் ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். எங்கள் உறவில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அன்றைக்கு அங்கே மாட்டிக்கொண்ட கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

"லூசியானே துடைக்கிற வண்டியத் தள்ளிக்கிட்டு எதிர்ல வர்றா. நான் பாத்ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திட்டேன். பத்து நிமிஷம் மூச்சு விடாம உட்காந்திருக்கேன். கதவுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு, 'செலுவாயா, இந்தக் காலை எனக்குத் தெரியாதா, வெளிய வா'ங்கிறா."

லூசியானே என் கணவருக்கும் செலுவாயாவுக்கும் ஒன்றுவிட்ட சகோதரி. 'யார்கூடப் போற' என்று அவள் கேட்டிருக்கிறாள். 'யார்கூடவும் இல்லை' என்று இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த விமானம் தரை இறங்குவதற்குள் நெயாஃபுவில் இவருக்காக ஜெபம் நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் செலுவாயாவின் இடம் என்னவென்று சொல்லாவிட்டால் இது புரியாது. என் கணவர் சடேக்கிக்கு அவர் ஒரே அக்கா. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே அத்தை. எங்களில் அத்தைக்கு மேல் ஆள் கிடையாது. பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் நடுப் பாயில் அவர்தான் உட்கார வேண்டும். நல்ல பாயும் சீர்த் துணியும் பன்றியின் நல்ல பங்கும் அவருக்குத்தான் முதலில். அவர் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. அடுப்படி என் இடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புகையில் கண் எரிய நான் கிழங்கு சீவிக்கொண்டிருக்க, முன்னால் அவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சடேக்கி, அக்கா இருக்கும் அறைக்குள் வந்து டிவிகூடப் பார்க்க மாட்டார். அக்கா முன்னால் கேலிப் பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் விருந்தாளிகளைப் போலப் பேசிக்கொள்வார்கள்.

அதனால்தான் அன்றைக்கு நடந்தது எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொல்லையில் சடேக்கி யாரோடோ போனில் பேசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. யார் என்று கேட்டேன். சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அக்கா" என்றார். செலுவாயா அப்போது போலந்தில் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் இருந்தார். பனியில் வழுக்கி ஒரு போலீஸ்காரர்மேல் விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் வாரம் ஒருமுறை அந்தப் போன் வரும். ஊர் திரும்பியதும் இருவரும் மறுபடி விருந்தாளிகளாகிவிடுவார்கள்.

நான் அவரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. மலை, கோட்டை, கோயில் எதுவும் சொல்ல மாட்டார். அதெல்லாம் படத்திலேயே நன்றாக இருக்கும் என்பார்.

"மூணாம் நாள்தான் மோசம், லெசீலி. மொத நாள் எல்லாம் புதுசு. ரெண்டாம் நாள் கால் வலியில தூங்கிடுவ. மூணாம் நாள் காலைல கண்ணு முழிச்சதும், இப்ப நான் செத்தா இந்த ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு தோணும். அன்னிக்கு மட்டும் அறையில இருக்கக் கூடாது. சந்தைக்குப் போய் ஒரு பழத்தைக் கையில எடுத்து, இது என்ன பழம்னு கேக்கணும். ஒரு மனுஷி உன்கிட்ட பேசிட்டா போதும், நாலாம் நாள் வந்துரும்."

இன்னொரு தடவை சொன்னார். "எல்லா ஊர்லயும் மூணே கேள்விதான். புருஷன் எங்க, பிள்ளைங்க எத்தனை, சாப்டியா. மொத ரெண்டுக்கும் என் பதில் அவங்களுக்குப் பிடிக்காது. பாவம்னு நெனச்சு தட்டுல ரெண்டு மடங்கு போடுவாங்க."

"பயமே இல்லையாக்கா?"

"இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருக்கும். பழகினா பயம் போயிரும்னு நெனச்சேன். போகல. அதைப் பையில வெச்சுக்கிட்டு நடக்கப் பழகியாச்சு, அவ்வளவுதான்."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது என் மகள் வீக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஈஸ்டர் கழித்து என்று நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளை மோசேசேவுக்கு ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலை சீக்கிரமே வந்துவிட்டதால், பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செலுவாயா அப்போது கருங்கடலுக்குக் கிழக்கே, ஜார்ஜியா நாட்டின் மலைக்கிராமம் ஒன்றில் இருந்தார். சடேக்கி போனில் தேதியைச் சொன்னார். வந்துவிடுகிறேன் என்றார் அக்கா. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி போன் வந்தது. பனி சரிந்து மலைப்பாதை மூடிவிட்டதாம். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

கல்யாணத்தன்று நடுவில் பாயை விரித்துவைத்தோம். என் மாமியார் காலத்துப் பாய், பட்டுபோல் மெல்லியது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பொண்ணுக்கு அத்தை எங்க?" பனி என்று சொன்னோம். வவாவுவின் பிப்ரவரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனி என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஆக்லாந்திலிருந்து வந்திருந்த லூசியானேயைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவள் பாயின் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். "நடுவுல உட்கார எனக்கு உரிமை இல்ல, அண்ணி. என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். முழுப் பன்றியைக் கொண்டுவந்து யாரும் இல்லாத நடுவிடத்துக்கு முன்னால் வைத்தார்கள். சீர்த் துணிகளை அடுக்கடுக்காகச் சுற்றிக் குனியக்கூட முடியாமல் நின்றிருந்த வீக்கா, பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து செலுவாயா வந்தார். பையைக்கூட இறக்காமல் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அவரைக் கண்டதும் சடேக்கி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் கல்யாணப் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"பாதை எப்பக்கா திறந்துச்சு?"

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் தோளிலிருந்த பையை இறக்கிவைத்தார்.

"அந்தத் திங்கட்கிழமை."

"கல்யாணம் சனிக்கிழமைதானே?"

"ஆமா. கிளம்பியிருந்தா வந்து சேர்ந்திருக்கலாம்."

நாத்தனாரிடம் குரல் உயர்த்துகிற வழக்கம் எங்களில் இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். "அந்தப் புள்ள நின்ன நிலை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தங்கின வீட்டுக்காரி பேரு எத்தேரி. என் வயசுதான் இருக்கும். போன மறுநாளே ஒரு கத்தியைக் கையில கொடுத்து, ஒரு கூடை உருளைக்கிழங்கைக் காட்டினா. தோலைத் தடிமனா சீவிட்டேன்னு கையில இருந்து பிடுங்கிக்கிட்டா. விறகு தூக்கச் சொன்னா. மாட்டுக் கொட்டகை பெருக்கச் சொன்னா. சரியா பெருக்கலைன்னு திட்டினா. அவ மருமக சிரிக்கிறா. இந்த வயசுல, லெசீலி, மொத தடவையா ஒரு பொம்பள என்னைத் திட்டினா."

நான் கையிலிருந்த பாயை மடித்துக் கீழே வைத்தேன்.

"திங்கட்கிழமை ஜீப் வந்து வாசல்ல நின்னுச்சு. பையைக் கட்டி வெச்சிருந்தேன். அவ மாடு ஒண்ணு கன்னு போட முக்கிக்கிட்டு இருக்கு. பிடிடின்னு கத்தினா. பிடிச்சுக்கிட்டேன். ஜீப் போயிருச்சு. அடுத்த ஜீப் புதன்கிழமை. அதுல வந்தா எட்டாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். மாடு மேல பழி போட மாட்டேன்."

"இங்க உங்களுக்கு என்ன குறை வெச்சோம்?"

"குறையே வெக்கலையே. நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்துறீங்க. ஏழு வயசுல இருந்து நடுப் பாயை இழுத்துப் போடுறீங்க. என் தம்பி என் முகத்தைப் பாத்து ஒரு தடவை சிரிச்சதில்ல. போற ஊர்லயெல்லாம் எனக்கு ஓரத்துலதான் இடம். பஸ்ல தள்ளி உட்காருன்னு சொல்றாங்க. அதுக்குத்தான் போறேன் போல. இத்தனை வருஷமா ஊர் பாக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

எனக்குக் கோபமும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஓரத்துலதான் இருக்கேன், அக்கா. முன்னாடியே சொல்லியிருந்தா நான் உங்களுக்கு நெறைய வேலை கொடுத்திருப்பேன்" என்றேன்.

"அதையும் அங்க உட்காந்து யோசிச்சேன்" என்றார். "உன் இடத்துல இருந்து பாத்தா இது பணக்காரி பட்டினி கிடந்து பாக்கிற மாதிரிதான் தெரியும்."

மறுநாள் வீக்காவின் வீட்டுக்குப் போய் அவளிடமும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீக்கா, "பனின்னே சொல்லியிருக்கலாமே, அத்தை. பனியைத் திட்டிட்டு விட்டிருப்பேனே" என்றாளாம். அதன்பின் இரண்டு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. அத்தை இருக்கும் இடத்துக்கு வருவாள், முறைப்படி தலை குனிவாள், போய்விடுவாள்.

செலுவாயா அடுத்த ஜனவரி எங்கும் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் விடுப்பு எழுதவில்லை. எல்லாச் சாவுக்கும் வந்தார், எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தார், நடுப் பாயில் உட்கார்ந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவார். ஒரு பிற்பகல், முன்னறையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சடேக்கி என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார்.

"அக்காவைப் போகச் சொல்லு."

"எங்க?"

"எங்கயாவது. எப்பவும் போற மாதிரி."

"நீங்களே சொல்லுங்க. உங்க அக்காதானே."

அவர் வீட்டுக்குள் போகவில்லை. பலாமரத்தடியில் போய் நின்று போனை எடுத்தார். உள்ளே முன்னறையில் மணி அடித்தது. இருவருக்கும் நடுவில் ஒரு சுவர், இருபது அடி தூரம்.

"அக்கா, நான்தான். எங்க இருக்க?" என்றார். அவர் என்ன சொன்னாரோ. "அப்படியா. அங்க குளிரா?" என்றார் சடேக்கி. உள்ளே செலுவாயா சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. பிறகு சடேக்கி தணிந்த குரலில் நிறையப் பேசினார். நான் துணி மடிக்கிற சாக்கில் விலகிப் போய்விட்டேன். அந்த வாரமே அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

அவர் மங்கோலியாவில் இருந்தபோது என் மகனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. இப்போது வீக்கா அத்தை ஆகிவிட்டாள். பெயர் சூட்டிய அன்று அவளை நடுவில் உட்காரவைத்தோம். ஆறு மணி நேரம். தம்பி மனைவிக்கு உதவலாம் என்று எழுந்தவளை மூன்று பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். தோழிகள் ஓரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் வந்து நின்றதும் எழுந்து வழிவிட்டார்கள். சாயங்காலம் சமையல் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் கொஞ்சம் உள்ள வரவா?"

"வரக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

வாசல் தூணில் சாய்ந்துகொண்டாள். "அத்தை எப்ப வர்றாங்க?"

"மாசக் கடைசியில."

"வந்தா எனக்குச் சொல்லு."

சொன்னேன். வந்தாள். இருவரும் வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த சரிவில் போய் உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களா, கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. நான் தட்டில் கிழங்கும் மீனும் எடுத்துக்கொண்டு போனபோது வீக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்: "அந்தக் கன்னுக்குட்டி பொழச்சுதா, அத்தை?"

"பொழச்சுது. கெட்ட முரடு" என்றார் செலுவாயா. தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நான் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.