தம்பியைப் பழக்கிய ஞாயிறுகள்

அம்மா இறந்த மூன்றாம் மாதம் அப்பா உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, எனக்கு அப்புறம் அவனை நீங்கதான் வச்சுக்கணும்."

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசாதவர். "வச்சுக்கிறோம் மாமா. இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார்.

"இப்ப வேணாம். நான் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். திடீர்னு கொண்டாந்து விட்டா தாங்க மாட்டான்."

தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொந்தமாகப் பேச்சு கிடையாது. "சாப்டியா?" என்று கேட்டால் "சாப்டியா?" என்பான். யாராவது தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வான். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே இருப்பான். மூளை வளரவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேட்டது வெகு காலம் கழித்து, என் தலை நரைத்த பிறகு.

அடுத்த ஞாயிறிலிருந்து அப்பா தொடங்கினார். முதல் சில வாரங்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு முதன்முதலாக வந்த அன்று நான் சமைத்து வைத்துக் காத்திருந்தேன். தம்பி கதவில் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தான்.

"உள்ள கூப்பிடாதம்மா. இன்னிக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லி அப்பா அழைத்துப் போய்விட்டார்.

சோறெல்லாம் வீணானதில் எனக்குக் கோபம். மறுவாரம் கேட்டுவிட்டேன். "ஏம்ப்பா இப்படி இழுக்கறீங்க? இங்க வந்துட்டா தானா பழகிடுவான்."

"அவன் மட்டுமா பழகணும்? நீயும்தாம்மா பழகணும்."

பழகினேன். அவன் தட்டில் ரசம் தயிர்சாதத்தைத் தொடக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. சுவாமி புறப்பாட்டு மேளம் தெருமுனையில் கேட்கும் முன்பே ஜன்னல்களைச் சாத்த வேண்டும். முகம் மழிக்கும்போது எந்தப் பக்கம் முதலில் என்பதைக்கூட அப்பா என் கணவருக்குக் காட்டிக் கொடுத்தார். தம்பி உள்ளே வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான். இதற்கே இரண்டு வருடம் ஆயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் நாலரை மணிக்கு அப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். "கெளம்புவோமாய்யா? பஸ் போயிடும்."

பொங்கலுக்குப் பிறகு இரவு தங்கப் பழக்கலாம் என்றிருந்தார். மார்கழியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் முடிந்ததும் தம்பியை அழைத்து வந்தோம். தன் இடத்தில் உட்கார்ந்தான், ஒழுங்காகச் சாப்பிட்டான். அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். நாலரை மணி ஆனதும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"கெளம்புவோமாய்யா? பஸ் போயிடும்."

அப்பாவின் குரல், அப்படியே, அந்த இழுப்போடு. வருவதற்கும் உட்காருவதற்கும் சாப்பிடுவதற்கும் அவனைப் பழக்கியிருந்தோம். திரும்பிப் போகாமல் இருப்பதற்குப் பழக்கவே இல்லை. இருட்டும் வரை கத்தினான். நிலைப்படியில் நெற்றியை மோதிக்கொண்டான். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும்.

இரண்டு வாரம் பார்த்த என் கணவர், "நான் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்" என்று உறையூருக்கு அழைத்துப் போனார். அப்பா குடியிருந்த வாடகை வீட்டுக்கு அதற்குள் வேறு குடும்பம் வந்திருந்தது. கொடியில் குழந்தைத் துணிகள். தம்பி கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றானாம். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாளாம். கையை எடுத்துக்கொண்டு இவரிடம் திரும்பியவன், "கெளம்புவோமாய்யா? பஸ் போயிடும்" என்றானாம்.

இதைச் சொல்லும்போது அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு கத்தல் குறைந்தது. எட்டு வருடம் எங்களோடு இருந்தான். துணிகளை நுனியோடு நுனி சேர்த்து அவனைப்போல் மடிக்க யாராலும் முடியாது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அப்பாவின் கவலை அப்படியே எனக்கு வந்திருந்தது. இடையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். ஆறு வயதில் அவள் விளையாடுவதைப் பார்க்கும்போதுகூட, இவள் இவனை வைத்துக்கொள்வாளா, வரப்போகிற மாப்பிள்ளை சம்மதிப்பானா என்றே மனம் ஓடும். அந்தக் குழந்தையின் மேல் அப்படி ஒரு பாரத்தை வைத்துப் பார்த்ததற்கு இன்றும் கூசுகிறேன்.

மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரியில் ஆறே நாளில் போய்விட்டான். வயது முப்பத்திரண்டு. டாக்டர் கையை விரித்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எனக்கு முன்னால் போய்விட்டான், இனி யாரிடமும் கேட்க வேண்டாம் என்று ஒரு ஆறுதல்தான் வந்தது. அடுத்த நிமிடம், கூடப் பிறந்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று உறைத்தது. ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து கதறினேன்.