சோமண்ணன் போட்ட தளம்

சோமண்ணனை நினைத்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். அப்படி ஒரு பிடிவாதக்காரர்! தரைக்குக் கான்கிரீட் தளம் போடுவார். பிறர் போட்டது பாரம் தாங்குமா என்று பார்த்தும் சொல்வார். பாறசாலையிலிருந்து பொழியூர் வரை பதினெட்டு வருஷம் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, அளவு குறித்தவள் நான். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இப்போதும் ஈர சிமெண்ட் வாசனை வந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

செங்கல் என்ற ஊரில் ஜெயனுக்கு ஒரு குடோன். அதன் தளம் சோமண்ணன் போட்டதுதான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் "எனக்க தளமாக்கும்" என்று பீற்றிக்கொள்வார். அங்கே கூரை உயரத்துக்கு இரும்பு ரேக் நிறுத்த ஒரு கம்பெனி வாடகைக்குக் கேட்டது. தளம் தாங்கும் என்று எழுதித் தர வேண்டும். போட்டவரே வந்தால் மறுக்கமாட்டார் என்று நினைத்து ஜெயன் எங்களைக் கூப்பிட்டான்.

"லோடு லாரி ஏறித் திரும்பின தரையாக்கும் அண்ணா. ஒரு கீறல் உண்டா? பின்ன என்ன பாக்கதுக்கு?" என்றான். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இதே நம்பிக்கைதான். லாரி ஏறிவிட்டால் அந்தத் தரைமேல் மலையையே வைக்கலாம்!

"லாரி வந்துட்டுப் போயிரும் மக்கா. ரேக்குக்க காலு வருஷக்கணக்கா ஒரே இடத்துல நிக்கும். ஒரு காலுக்கு நாலு டன்னு. அடியில உள்ள தகடு உள்ளங்கை அகலந்தான் உண்டு," என்றார் சோமண்ணன்.

ரேக்கின் கால் வரும் இடத்தில் மெஷினால் துளைத்து, கான்கிரீட்டை உருளையாக வெளியே எடுத்தோம். ஆறு அங்குலம் இருக்க வேண்டும். அளந்தேன். நாலேகால். மறுபடி அளந்தாலும் நாலேகால்தான்.

அவர் முகம் செத்துப்போனது. "எனக்க மக நீது பிறந்த அன்னைக்குப் போட்ட பாகமாக்கும் இது. கான்கிரீட்டு கொட்டிக்கிட்டு இருக்கையில நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மகளைக் கண்ட சந்தோஷத்துல, திரும்பி வந்து மேலே மட்டும் பாத்தேன், பிரேமா. ஆழம் பாக்கல்ல."

ஜெயன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் குரலைத் தாழ்த்தினேன். "அண்ணா, கிறுக்கு காட்டாதீங்க. அந்த மூலையில ஒண்ணு எடுப்போம், அங்க ஆறு அங்குலம் இருக்கும். அத எழுதினா போதும். யாருக்குத் தெரியப்போவுது?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கேயே குந்தி உட்கார்ந்து எழுதினார்: 'தளம் போதாது. ரேக் நிறுத்தக் கூடாது. குறையாகப் போட்டவன் சோமன்.' ஜெயன் அதை வாசித்துவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினான். சோமண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். காகிதத்தைப் பிடுங்கி அவர் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

சங்கதி பெருங்கடவிளை வரை பரவியது. அதற்குப் பிறகு தளம் போட அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பார்த்துச் சொல்ல மட்டும் தேடித் தேடி வந்தார்கள். முதலில் வந்தவன் ஜெயன். இடித்துப் புதிதாகப் போட்ட தளத்தை, வேறு யார் பார்த்தாலும் தனக்கு நம்பிக்கை வராது என்றான்.