விட்டுக்கொடுத்த இணைப்பு

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு நெட் கபேயில் வேலை பார்த்தேன். ஒரு மாலை, தோப்பூரிலிருந்து இடம்பெயர்ந்த பெண் ஒருவர் வந்தார். ஓடிவரும்போது பிரிந்துபோன வாப்பாவைத் தேடவேண்டும் என்றார். ஒவ்வொரு அகதி முகாமிலும் இருப்பவர்களின் பெயர்கள் இணையத்தில் தனித்தனிப் பக்கங்களாக இருந்தன. ஒன்றொன்றாகத் திறந்தால் ஊரடங்குக்குள் முடியாது.

எனக்கோ, கணினி தானாகவே பக்கங்களைத் திறக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதத் தெரியும் என்ற திமிர். எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் கேட்கும்படி எழுதினேன். இணைப்பு திணறியது, ஒரு பக்கமும் வரவில்லை. பிறகு நான்கை மட்டும் கேட்டு, ஒன்று வந்ததும் அடுத்ததைக் கேட்கும்படி திருத்தினேன். அப்போதும் ஊர்ந்துதான் வந்தது.

"எல்லாரும் ஒரே லைனில இருக்கிறம் அக்கா, கெதியா எடுக்க ஏலாமல் கிடக்கு" என்றேன்.

பக்கத்துக் கதிரையில் இணையம் வழியே கனடாவிலுள்ள மகளோடு பேசிக்கொண்டிருந்த ஐயா திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, வைக்கிறன். இஞ்ச ஒராள் தகப்பனைத் தேடுது" என்று அழைப்பைத் துண்டித்தார். மற்றக் கணினிகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பக்கங்கள் மளமளவென்று வந்தன. கந்தளாய் முகாமொன்றில் அந்தப் பெயர், அருகிலேயே தோப்பூர் என்று ஊரும் இருந்தது.

"ஓம், வாப்பாதான்" என்று அவர் திரையைத் தொட்டார்.

"ஐயா, மகளைத் திரும்ப எடுத்துத் தரட்டா?"

"அவ இப்ப வேலைக்குப் போயிருப்பா, தம்பி. நாளைக்குப் பாப்பம்."

இன்று வேகமான இணைப்புகளில் வேலை செய்கிறேன். ஆனாலும் ஒரே நேரத்தில் எத்தனை பக்கங்களைக் கேட்பது என்று எழுதும் இடத்தில் என் விரல் தயங்கும். அதே லைனில் யாரோ ஒருவர் மகளோடு பேசிக்கொண்டிருக்கலாம்.