பாறைக்கடியில் எத்தனை பேர்

குவாரி மேஸ்திரி இருந்தார். தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. இருந்தார். கிரேன் டிரைவர் இருந்தார். கூலிக்காரர்கள் ஒரு இருபது பேர் தள்ளி நின்றார்கள். ஒரு பொம்பளை தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் இருந்தேன்.

எண்பதுகளில் நடந்தது. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி. காலையில் பாறை சரிந்து இரண்டு பிணம் எடுத்தாகிவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவன். பேப்பர் ஏஜென்ட். செய்தியும் எழுதி அனுப்புவேன். சேலம் பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தால் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வான்.

"ரெண்டு பேருதான் சார். கிரேன அனுப்பிடலாம்," என்றார் மேஸ்திரி.

"எம்புருசன் உள்ள கிறான்," என்றாள் அவள்.

"அவன் நேத்தே குப்பத்துக்குப் போயிட்டாம்மா. குடிச்சிட்டு எங்கன்னா கெடப்பான்."

"காலையில சோறு கட்டிக் குடுத்தது உனுக்கா?"

தினக்கூலிக்குப் பெயர் எழுதுகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆர்.ஐ. கூலிக்காரர்களைக் கேட்டார். எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். நாளைக்கும் அவரிடம்தான் வேலை.

கிரேன் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கிரேன் போனால் அவ்வளவுதான். அந்தக் கல்லைக் கையால் புரட்ட முடியாது.

குழிக்குள் இறங்குமுன் சோற்றுப் போசியைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அது எனக்குத் தெரியும். கூலிக்காரர்களிடம் போனேன்.

"பேச வேணாம்பா. மணி ரெண்டாச்சு. அவங்கவங்க போசிய எடுத்துக்கிட்டு சாப்பிடுங்க."

"நீ யாருய்யா சொல்றதுக்கு?" மேஸ்திரி என் சட்டையைப் பிடித்தார்.

முதலில் ஒரு கிழவர் போய் எடுத்தார். அப்புறம் ஒவ்வொருத்தராகப் போனார்கள். தன்னுடையதை மட்டும் எடுத்தார்கள். பிணமாக வந்த இருவருக்கு இரண்டு போசி. அதுபோக இன்னும் மூன்று மிஞ்சியிருந்தது. அவள் எழுந்து போய் ஒன்றைத் தொட்டாள். தூக்கவில்லை.

ஆர்.ஐ. என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு என்ன போடப் போற?"

"மரத்தடியில இருக்கறதப் போடுவேன் சார்."

அவர் கிரேனைப் பார்த்துக் கை காட்டினார். திரும்பி வரச் சொல்லி.

பொழுது சாயும்போது மூன்று பேரையும் எடுத்தார்கள். இரண்டு பேர் செத்திருந்தார்கள். அவள் புருஷனுக்கு மூச்சு இருந்தது. லாரியில் போட்டார்கள். அவளும் ஏறினாள்.

நான்கு பேர் சாவு என்று எழுதி பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிட்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னார்.

வெளியே வந்து சேலத்துக்கு டிரங்க் கால் போட்டேன். கவரில் இருக்கிற கணக்கைத் திருத்தச் சொன்னேன்.

"எத்தனைன்னு போடணும்?"

"அஞ்சு."