இடுப்புப் பிடிப்பும் இஸ்திரி ஒத்தடமும்

ஈரம் முழுக்கக் காயாத பனியன் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசம் எழும். வெந்த பருத்தி வாசம், லேசாகச் சோப்பும் கலந்து... திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் கிடைக்கும். எனக்கு அந்த வாசம் பட்டாலே இடுப்பு இதமாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன்.

கல்யாணமாகி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிது. என் வீட்டுக்காரர் சேவியருக்கு ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங் வேலை. நானும் அதே கம்பெனியில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் தையல் மெஷினில் சேர்ந்தேன். குடியிருந்தது லைன் வீட்டில், ஒற்றை அறை.

நல்ல மனிதர்தான். ஆனால் பேசமாட்டார். "சாப்ட்டியா", "கதவப் பூட்டிக்கோ"... அவ்வளவுதான். என்னைப் பிடிக்காமலே அவருக்குக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிற சாக்கில் போய், திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் வெடுக்கென்று பிடித்தது. நிமிர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஓடி வந்தார். எங்கே தொடுவது, எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சரசக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, சும்மா நின்னுட்டு இருந்தா ஆகுமுங்களா? மொதல்ல டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வாங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னா மத்ததெல்லாம் ஊட்டுலயே பாத்துக்கலாமுங்க."

டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் தசைப்பிடிப்புதான் என்றார். கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ உடனே வரவேண்டும், அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடக்கவும் கூடாது என்றார்.

சரசக்காவின் அம்மா வீடு பொங்கலூர். அன்று சாயங்காலமே அங்கிருந்து ஒரு பை நிறைய நொச்சி இலை வந்தது. அதைக் கொதிக்க வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அக்கா என் இடுப்பில் போட்டார். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, அழுத்தாமல் தடவிவிட்டார். கட்டிலையும் அக்கா விடவில்லை.

"இந்தத் தொட்டிலு மாதிரி தொங்கற கட்டில்ல படுத்தா இடுப்பு எப்படிங்கண்ணு நேராகும்? கீழ பாய விரிச்சுப் படு. முழங்காலுக்கடியில தலகாணிய வெச்சுக்க."

மறுநாள் அக்கா ஷிப்டுக்குப் போய்விட்டார். சேவியர் லீவு போட்டுவிட்டு அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்ன தோன்றியதோ... பழைய பனியன்களை எடுத்து லேசாகத் தண்ணீர் தெளித்து மடித்து, தரையில் போர்வையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். மடித்த துணியைத் தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் என் இடுப்பில் வைத்தார்.

"சூடு சரியா இருக்கா, ரோசி?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு துணி ஆறினால் அடுத்தது தயாராக இருக்கும். ஒவ்வொன்றும் முதலில் அவர் கன்னத்துக்குப் போகும். ஒரு பக்கக் கன்னம் சிவந்தே போய்விட்டது. நான் குப்புறப் படுத்திருந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"என்னைய உங்களுக்குப் பிடிக்கலையா? ஏன் பேசவே மாட்டேங்கிய?"

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ எப்பப் பாத்தாலும் ஊர் ஞாபகமாவே இருக்க. வாயத் தொறந்தா, என்னைய ஊர்ல கொண்டு விட்டிருங்கன்னு கேட்டிருவியோன்னு பயம். அதான் பேச்சே குடுக்கல."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு சுரீர் என்றது. "அய்யோ" என்று கத்திக்கொண்டே சிரித்தேன். அவர் பதறிப்போய்க் கையில் இருந்த துணியைக் கீழே போட்டார்...

வலி குறைந்ததும் தினமும் என்னோடு தெருவைச் சுற்றி மெதுவாக நடந்தார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிற அந்த மனிதர் எங்கள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார்.

"சார், தைக்கிறதுக்கு வெட்டி வர்ற துணிக்கட்டக் கீழ வைக்காம ஸ்டூல்ல வைக்கச் சொல்லுங்க. குனிஞ்சு குனிஞ்சு எடுத்தா இவளுக்கு மறுபடியும் இடுப்பு போயிரும்."

"அதுக்கென்னங்க, போட்டுக் குடுத்தறலாமுங்க" என்றார் அவர். என் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் வந்ததைப் பார்த்துவிட்டு வரிசையில் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் வந்தது. என் முதுகுக்கு வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டி ஒரு திண்டும் செய்து கொடுத்தார் சேவியர். வேலைக்கு நடுநடுவே எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொள்வதும், முழங்காலை மடித்து உட்கார்ந்து குடம் தூக்குவதும் எனக்கு அப்போதே பழகிவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். சேர்ந்தே திரும்பி வந்தோம்.

இப்போது சொந்த வீடு, மூன்று அறை. மின்சார ஒத்தடப் பை இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் போனில் வீடியோவாக இருக்கின்றன. எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த ஒற்றை அறையில் நான் வலியில் லேசாகப் புரண்டாலே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், நான் உள்ளே படுத்திருப்பேன். வலிக்கிறது என்று குரல் கொடுத்தால்தான் தெரிகிறது.

குரல் கொடுத்தால் உடனே எழுந்து வந்துவிடுகிறார். வராமல் இருந்ததே இல்லை. இருந்தாலும்... சொல்லாமலே தெரிந்துகொள்ளும்படி இருந்த அந்தச் சின்ன அறைமேல் இன்னும் கொஞ்சம் ஆசை இருக்கத்தான் செய்கிறது.